ராஜாஜியும் லைசென்ஸ் ராஜ்ஜியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜாஜி பொருளாதார நிபுணரா?

இல்லை. சட்டம் படித்தவர். 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர். சேலம் நகரசபைத் தலைவர், 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், பிறகு மத்திய உள்துறை அமைச்சர், 1952 முதல் 1954 வரை சென்னை முதலமைச்சர் என்று அவர் பார்த்த வேலைகள் எல்லாம் நிர்வாக வேலைகள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தொழில் செய்ய ஒவ்வொரு கட்டத்திலும் அரசின் அனுமதி வேண்டும் என்ற லைசென்ஸ் ராஜ்ஜியத்தை எதிர்த்தார் அவர்; ஆனால் தடையற்ற சந்தையைப் பற்றி அவர் எழுதியதில் கோட்பாடு குறைவு. அரசு ஒரு பொருளைக் கட்டுப்படுத்தினால் கோப்பு எந்த மேசைக்குப் போகும், யார் கையெழுத்துப் போடுவார், அந்தக் கையெழுத்துக்காக யார் காத்திருப்பார் என்பதுதான் அவர் பார்வை. கட்டுப்பாட்டு உத்தரவுகளைத் தானே பிறப்பித்தும் நீக்கியும் பழகியவரின் பார்வை அது. அதே காலத்தில் கட்டுப்பாடுகள் கூடாது என்ற முடிவுக்குப் பொருளாதாரத்தின் வழியாக வந்தவர் பி. ஆர். ஷெனாய். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அமைந்த பொருளாதார நிபுணர் குழுவில் 1955-இல் தனியாக மாறுபட்ட குறிப்பு எழுதியவர் அவர்தான். பற்றாக்குறை நிதியை, அதாவது வருமானத்துக்கு மேல் அரசு புதுப் பணம் அச்சிட்டுச் செலவு செய்வதை, அளவு மீறி நம்பினால் விலைவாசி ஏறும், அதை அடக்கக் கட்டுப்பாடுகள் பெருகும் என்பது ஷெனாயின் வாதம்.

1952-இல் ரேஷனை நீக்கியபோது உண்மையில் என்ன செய்தார்?

உலகப் போர்க் காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு அப்போதும் தொடர்ந்துகொண்டிருந்தது. விவசாயி அரசு சொன்ன விலைக்கு நெல்லைக் கொள்முதலுக்குத் தர வேண்டும். அரிசியை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. நகரத்தில் அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து தருவார்கள். 1952 ஏப்ரலில் முதல்வரான ராஜாஜி, ஜூன் மாதமே அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். சட்டமன்றத்தில் காங்கிரசுக்குச் சொந்தப் பெரும்பான்மை இல்லாத நேரம் அது. விலை ஏறியிருந்தால் ஆட்சி போயிருக்கும்.

விலை ஏறும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் கட்டுப்பாடு இருக்கும்போது நெல் மூன்று இடங்களில் ஒளிகிறது. கொள்முதல் விலை பிடிக்காத விவசாயி பத்தாயத்தில் வைக்கிறார், வியாபாரி கள்ளச்சந்தைக்காகப் பதுக்குகிறார், அடுத்த மாதம் கிடைக்குமோ என்ற பயத்தில் குடும்பங்களும் தேவைக்கு மேல் வாங்கி வைக்கின்றன. கட்டுப்பாடு போனதும் இந்த மூன்று காரணங்களும் ஒரே நேரத்தில் வலுவிழக்கின்றன; ஒளிந்த சரக்கு வெளியே வருகிறது. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இந்த முடிவுக்குப் பக்கபலமாக நின்றதும் முக்கியம். அரசின் கையில் இருப்பு உண்டு என்று சந்தை நம்பாவிட்டால் பதுக்கல் குறையாது.

அதிர்ஷ்டமும் இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் உணவு தானிய விளைச்சல் கூடியது. மழை பொய்த்திருந்தால் இதே முடிவைப் பற்றி வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். 1954-இல் மத்திய அரசும் நாடு முழுவதும் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியது.

ஆனால் விற்பனை வரியைக் கொண்டுவந்ததே அவர்தானே?

ஆம். 1939-இல் சென்னை மாகாணத்தில் அவர் கொண்டுவந்த பொது விற்பனை வரிதான் இந்தியாவில் முதலாவது. மதுவிலக்கை 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். கள், சாராய வருமானம் போனால் கஜானாவை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கான விடைதான் விற்பனை வரி. வரி போடுவதை அவர் எதிர்க்கவில்லை. வருமானம் இல்லாமல் செலவு செய்வதைத்தான் எதிர்த்தார்.

அவர் சந்தையில் கைவைத்த இடங்கள் இன்னும் உண்டு. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து வட்டிக்காரர்களின் பாக்கியைக் குறைத்தார். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தின் மூலம் மிராசுதார்கள் குடியானவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாமல் செய்தார். அதே காலத்தில் கைத்தறி நெசவாளர்களைக் காப்பாற்ற வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசை நெருக்கினார். இந்தக் கடைசிக் கோரிக்கை அசல் கோட்டாதான், அதாவது அரசு பங்கிட்டுத் தரும் ஒதுக்கீடு. பிற்காலத்தில் கோட்டாவை எதிர்த்து எழுதியபோது இதை அவர் சரியாகக் கணக்குத் தீர்க்கவில்லை என்பது எங்கள் கருத்து.

குலக்கல்வித் திட்டம் அவருடைய பொருளாதாரக் கொள்கையின் பகுதியா?

நேரடியாக இல்லை. 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை அரை நாளாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அந்தத் திட்டம். சாதிப்படி தொழில் என்ற ஏற்பாட்டை அரசே உறுதிப்படுத்துகிறது என்று கடும் எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார். எவரும் எந்தத் தொழிலையும் செய்யலாம் என்பது சந்தைச் சுதந்திரத்தின் அடிப்படை. அதோடு இந்தத் திட்டம் ஒட்டவே ஒட்டாது. பின்னாளில் அவருடைய பொருளாதாரக் கருத்துகள் தமிழ்நாட்டில் பலர் காதில் ஏறாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அவர் எதிர்த்த ‘லைசென்ஸ் – பெர்மிட் – கோட்டா’ முறை நடைமுறையில் எப்படி இருந்தது?

1960-களின் நடுவில் ஒருவர் நடுத்தர அளவில் ஒரு தொழிற்சாலை தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏறி இறங்க வேண்டிய படிகள் ஏறக்குறைய இவை.

முதலில் தொழில் உரிமம். 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அட்டவணையில் உள்ள தொழில் என்றால் புதிதாகத் தொடங்க, கணிசமாக விரிவாக்க, புதிய பொருள் ஒன்றைச் செய்ய, எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். சிறு ஆலைகளுக்கு விலக்கு உண்டு. 1964 முதல் நிலையான சொத்து 25 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த விலக்கை வைத்துக்கொண்டு இறக்குமதி எந்திரமோ மூலப்பொருளோ கேட்டால் மறுபடியும் டெல்லிதான்.

விண்ணப்பம் டெல்லிக்குப் போனதும் தொழில்நுட்ப வளர்ச்சித் தலைமை இயக்ககம், சம்பந்தப்பட்ட அமைச்சகம், மாநில அரசு என்று கருத்துக் கேட்டுச் சுற்றும். பிறகு உரிமக் குழு. அங்கே ‘ஐந்தாண்டுத் திட்ட இலக்கில் இந்தப் பொருளுக்கு இன்னும் இடம் இருக்கிறதா’ என்பதுதான் முக்கியக் கேள்வி. வாங்க ஆள் இருக்கிறார்களா என்பது இரண்டாம்பட்சம். சம்மதம் என்றால் முதலில் விருப்பக் கடிதம், நிபந்தனைகள் நிறைவேறிய பிறகே உரிமம்.

அடுத்து எந்திர இறக்குமதி. மூலதனப் பொருள் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு முன் ‘இது உள்நாட்டில் கிடைக்காது’ என்று சான்று வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் இருந்தால் அதற்கென்று தனிக் குழு. பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டுவதென்றால் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல். எவ்வளவு வெளியிடலாம், என்ன விலைக்கு என்பதை அவர்தான் சொல்வார்.

ஆலை ஓடத் தொடங்கினாலும் வேலை முடியாது. எஃகு, சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கு ஒரு வரிசை. உதிரி பாகத்துக்கும் மூலப்பொருளுக்கும் ‘உண்மைப் பயனாளர்’ இறக்குமதி உரிமம், அதாவது சரக்கைத் தன் ஆலையிலேயே பயன்படுத்துபவருக்கான உரிமம். அதையும் காலக்கெடு முடிந்ததும் மறுபடி வாங்க வேண்டும். உரிமத்தில் எழுதிய அளவைத் தாண்டி உற்பத்தி செய்தால் அதுவே சட்டமீறல்.

இதில் எது, ஏன் கெட்டது? ஊழல் மட்டுமா?

ஊழல் வெளியே தெரிந்த பகுதி. ஒரு எளிய கணக்கு: இறக்குமதி உரிமத்தின் முகமதிப்பு 1 லட்சம் ரூபாய், வந்து சேரும் சரக்கு சந்தையில் 2 லட்சத்துக்கு விலைபோகிறது. அந்த மிச்ச 1 லட்சம் யாருடைய உழைப்பிலும் வந்ததல்ல, தட்டுப்பாட்டில் பிறந்தது. உரிமம் வாங்கியவர், தரகர், கையெழுத்திட்டவர் மூவரும் அதைப் பங்கு போட முடியும். அதிகாரிகள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தாலும், அந்த 1 லட்சத்துக்காக டெல்லியில் ஆள் வைத்து அலையும் செலவு நிற்காது. 1974-இல் ஆன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர், இந்தியாவில் 1964-இல் இப்படிக் கட்டுப்பாடுகளால் உருவான உபரி தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று மதிப்பிட்டார்.

ஆழமான கோளாறுகள் வேறு.

மூலப்பொருள் இறக்குமதியை ஆலையின் நிறுவுதிறன் (எந்திரங்கள் முழுதாக ஓடினால் செய்ய முடிந்த உற்பத்தி) அளவுக்கு ஏற்பப் பங்கிட்டார்கள். விளைவு? இருக்கும் எந்திரம் பாதி நேரம் சும்மா கிடந்தாலும் முதலாளி இன்னொரு எந்திரம் வாங்கினார். எந்திரம் கூடினால் ஒதுக்கீடு கூடும். மூலதனம் பஞ்சமான நாட்டில் மூலதனத்தை வீணாக்கப் பரிசு கொடுத்த ஏற்பாடு இது.

‘உள்நாட்டில் கிடைக்காது’ என்ற சான்றிலும் ஓட்டை. யாராவது ஒருவர் அந்தப் பொருளைச் செய்யத் தொடங்கினாலே இறக்குமதி நின்றுவிடும். அவர் என்ன விலைக்கு, என்ன தரத்தில் செய்கிறார் என்று கேட்பவர் இல்லை.

மூன்றாவது கோளாறு ராஜாஜியின் எதிரிகளையே சங்கடப்படுத்தியது. பெரிய முதலாளிகளைக் கட்டுப்படுத்தத்தான் உரிமம் என்றார்கள். திட்டக்குழுவுக்காக ஆர். கே. ஹசாரி 1967-இல் கொடுத்த அறிக்கை நேர்மாறானதைக் காட்டியது. பெரிய குழுமங்கள், குறிப்பாக பிர்லா குழுமம், ஒரே பொருளுக்குப் பல விண்ணப்பங்கள் போட்டு உரிமங்களை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தன. ஆலை கட்டாவிட்டாலும் நஷ்டமில்லை. திட்ட இலக்கு நிரம்பிவிட்டதால் புதியவருக்குக் கதவு மூடிவிடும். டெல்லியில் அலுவலகம் வைக்க முடிந்தவருக்குத்தான் உரிம முறை லாபம்; சிறியவர் படிக்கட்டிலேயே நின்றுவிடுவார் என்று ராஜாஜி சொல்லிவந்ததற்கு அரசுத் தரப்பிலிருந்தே வந்த ஆதாரம் இது.

‘லைசென்ஸ் ராஜ்’ என்பது அவர் கொடுத்த பெயரா?

லைசென்ஸ் – பெர்மிட் – கோட்டா ராஜ் என்று மூன்றையும் சேர்த்துப் புழக்கத்தில் விட்டவர் அவர். ‘ஸ்வராஜ்யா’ ஆங்கில வார இதழிலும் ‘கல்கி’யிலும் தொடர்ந்து எழுதினார்.

80 வயதில் சுதந்திராக் கட்சி என்ற புதுக் கட்சி எதற்கு?

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரசில் ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்ற தீர்மானம் வந்தது. 1956 தொழில் கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் பொறுப்பில் வைத்தது. இன்னும் 12 தொழில்களில் அரசு படிப்படியாக நுழையும் என்றது. ராஜாஜி 1957-இல் காங்கிரசை விட்டு விலகினார். முடிவைத் தூண்டியது 1959 ஜனவரியின் நாகபுரித் தீர்மானம். நில உச்சவரம்பு, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை, உணவு தானியத்தில் அரசு வாணிபம் மூன்றையும் அது முன்வைத்தது. நிலத்தின் வரப்பு அழியும் என்ற பயம் ஆலை முதலாளிகளைவிடச் சிறு, நடுத்தர விவசாயிகளைத்தான் அதிகம் பிடித்தது. ஆகவேதான் கட்சித் தலைவராக ஆந்திர விவசாயிகள் தலைவர் என். ஜி. ரங்கா வந்தார்; மினு மசானி பொதுச் செயலாளர். 1959 ஜூன் 4 அன்று சென்னையில் சுதந்திராக் கட்சியின் அறிவிப்பு வந்தது.

கட்சி கேட்டது என்ன? மதுவிலக்கை ஆதரித்தவர் எப்படி ‘சுதந்திரம்’ பேசினார்?

21 அடிப்படைக் கொள்கைகள் வெளியிட்டார்கள். சொத்துரிமைக்கு அரசியல் சட்டத்தில் முதலில் இருந்த பாதுகாப்பு, எடுத்துக்கொள்ளும் சொத்துக்கு நியாயமான நஷ்டஈடு, தனியார் போகத் தயங்கும் துறைகளில் மட்டும் அரசுத் தொழில், குறைந்த வரி, சிக்கனமான நிர்வாகம், காந்தியின் தர்மகர்த்தா முறை (செல்வர்கள் தம் சொத்தைச் சமுதாயத்துக்கான பொறுப்பாகக் கருதி நிர்வகிப்பது) ஆகியவை முக்கியம். கடைசிக் கொள்கை விசித்திரமானது: இந்த அடிப்படைகளில் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தம் மனம்போல் பேசலாம், வாக்களிக்கலாம். மதுவிலக்கை ஆதரித்த ராஜாஜியும் அதை ஏற்காத பம்பாய் நண்பர்களும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது இதனால்தான். இந்தி, கூட்டணி விஷயங்களில் ஆளுக்கு ஒரு குரல் கேட்டதும் இதனால்தான்.

அது பணக்காரர்கள், ராஜாக்களின் கட்சிதானே?

பாதி உண்மை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ஒரிசாவில் ஆர். என். சிங் தேவ், பிகாரில் ராம்கர் ராஜா என்று அரச குடும்பங்கள் இருந்தன. அவர்களால் வந்த வாக்கு கட்சியின் கொள்கைக்கு விழுந்த வாக்கு அல்ல. ராம்கர் ராஜா 1962-இல் பிகார் சட்டமன்றத்தில் 50 இடம் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் ஆட்களோடு வெளியே போய்விட்டார். அரண்மனைகளை நம்பியது ராஜாஜி செய்த பெரிய தவறு. மாறாக குஜராத்தில் பாய்லால்பாய் படேல் போன்றவர்கள் பட்டிதார் என்ற நிலவுடைமைச் சாதி விவசாயிகளிடையே வேர்விட்ட கட்சியைக் கட்டினார்கள். அங்கேதான் 1967-இல் 66 சட்டமன்ற இடம் கிடைத்தது.

பணத்தைப் பொறுத்தவரை, டாடா குழுமம் காங்கிரசுக்கும் சுதந்திராவுக்கும் இரண்டுக்கும் கொடுத்தது. பிர்லா காங்கிரஸ் பக்கமே நின்றார். உரிமம் கொடுக்கும் கட்சியை விட்டுவிட்டு, உரிமத்தை ஒழிக்கும் கட்சிக்குப் பணம் கொடுக்க எந்தத் தொழிலதிபருக்கும் துணிச்சல் அதிகம் வேண்டும். 1969-இல் கம்பெனிகள் அரசியல் கட்சிக்கு நன்கொடை தருவதையே சட்டம் தடுத்தது. 1985 வரை அந்தத் தடை இருந்தது.

தேர்தல் கணக்கு என்ன?

மக்களவையில் 1962: 18 இடம், 7.89 சதவீதம். 1967: 44 இடம், 8.67 சதவீதம், அந்த அவையில் மிகப் பெரிய எதிர்க்கட்சி. 1971: 8 இடம், 3.07 சதவீதம். ஒரிசாவில் மட்டும் 1967 முதல் 1971 தொடக்கம் வரை சிங் தேவ் தலைமையில் கூட்டணி ஆட்சி நடத்தியது. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். 1974-இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

தடையற்ற சந்தை பேசியவர் தி.மு.க.வோடு ஏன் சேர்ந்தார்?

1967-இல் தி.மு.க.வின் வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. 1952-இல் அரிசியைச் சந்தைக்குத் திறந்துவிட்டவர் அந்த மேடையில் நின்றது முரண்தான். ஒரே கட்சி காலம் முழுக்க ஆண்டால் உரிம அதிகாரமும் தேர்தல் நிதியும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும், முதலில் அந்த ஏகபோகம் உடையட்டும் என்பது அவர் கணக்கு. இந்தி எதிர்ப்பும் இரு தரப்பையும் நெருக்கமாக்கியது. காங்கிரஸ் தோற்றது, சுதந்திராவுக்கு 20 சட்டமன்ற இடம் கிடைத்தது. ஆனால் தி.மு.க. தனியாகவே பெரும்பான்மை பெற்றதால் ஆட்சியில் சொல்வாக்கு எதுவும் இல்லை. 1971-இல் காமராஜரின் பழைய காங்கிரசோடு (இந்திரா காந்தியை எதிர்த்த பிரிவு) சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்தார், படுதோல்வி.

வங்கி தேசியமயத்தை நீதிமன்றத்தில் எதிர்த்ததும் இவர்கள்தானா?

1969 ஜூலை 19 அன்று, 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 வங்கிகளை இந்திரா காந்தி அரசு எடுத்துக்கொண்டது. வழக்குப் போட்டவர் ஆர். சி. கூப்பர், சுதந்திராக் கட்சிக்காரர், சென்ட்ரல் வங்கியின் பங்குதாரர். வாதாடியவர் நானி பல்கிவாலா. 1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் 10-க்கு 1 என்ற கணக்கில் சட்டத்தைச் செல்லாது என்றது. அந்த 14 வங்கிகளை மட்டும் தொழில் செய்ய விடாமல் பாகுபாடு காட்டியதும், நஷ்டஈடு உண்மையான நஷ்டஈடாக இல்லாததும் காரணங்கள். தேசியமயமே கூடாது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நாலு நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. நஷ்டஈட்டை உயர்த்தி அதே 14 வங்கிகளை மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

1991 சீர்திருத்தத்துக்கு ராஜாஜிக்கு எவ்வளவு பங்கு?

நேரடிப் பங்கு இல்லை. அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலை, தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க வேண்டிய கட்டாயம் ஆகியவைதான் நரசிம்ம ராவையும் மன்மோகன் சிங்கையும் அந்த முடிவுக்குத் தள்ளின. 1991 ஜூலை 24 தொழில் கொள்கை 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமத்தை நீக்கியது. அரசுக்கு ஒதுக்கிய தொழில்கள் 17-லிருந்து 8 ஆயின. மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் பதவி 1992-இல் போனது. பட்டியலைப் பார்த்தால் ராஜாஜி குற்றம் சொன்ன அதே மேசைகள்தான் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டிருக்கின்றன. எடுத்தவர்கள் அவர் கட்சியினர் அல்லர், அவர் எதிர்த்த கட்சியினர். விவசாயச் சந்தையையும் நிலத்தையும் பற்றி அவர் பேசியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வரவில்லை.

அதே கொள்கைகளோடு இன்று ஒரு கட்சியைப் பதிவு செய்ய முடியுமா?

நடைமுறை எளிது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவின்படி, கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர்களாக உள்ள குறைந்தது 100 உறுப்பினர்கள், 10,000 ரூபாய் கட்டணம், கட்சி விதிமுறைகளின் நகல் ஆகியவை தேவை. சிக்கல் அந்த விதிமுறைகளில்தான். 1989-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சோஷலிசம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகியவற்றின் கோட்பாடுகளுக்கு உண்மையான விசுவாசம் கொண்டிருப்போம் என்று ஒவ்வொரு கட்சியும் தன் விதிமுறையிலேயே எழுத வேண்டும் என்கிறது. சுதந்திராவின் பழைய உறுப்பினர்கள் இந்த நிபந்தனையை எதிர்த்து 1990-களில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நிபந்தனை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே உரிமம் கூடாது, அரசுத் தொழில் கூடாது என்று கொள்கை எழுதுகிறவர்களும் முதல் பக்கத்தில் சோஷலிசத்துக்கு விசுவாசம் என்று எழுதியே பதிவு வாங்க வேண்டும்.